கயிறு யார் கையில்?

தமிழ் மேடைக்கு ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பழக்கிக் கொடுத்தவர், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். வெண்பாவும் சந்தமும் தலைக்குள் ஓட, கை மட்டும் உப்பு மூட்டைகளின் வரவு செலவை எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். 24 வயதில் பேரேட்டை மூடிவிட்டு நாடக சபையில் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேடங்களெல்லாம் அவருக்குத்தான். அவருடைய எமனைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதன்பிறகே அவர் வேடம் கட்டுவதை விட்டதாகவும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். கதை எப்படியோ, நடிகர் சங்கரதாஸ் வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். அவருடைய மாணவர்களில் பலர் பல் விழுந்து முளைக்கிற வயதுப் பிள்ளைகள்.

பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் ஏன் போனார்? அந்தக் காலத்து மேடையைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். மாலையில்தான் மூவரும் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை தெரியும், பாட்டுத் தெரியும், மிச்சம் மேடையில் வாய்க்கு வந்தது. நல்ல நாளில் அது வெளிச்சமாக இருக்கும். கெட்ட நாளில் வள்ளியும் வேடனும் காதலை மறந்து யாருக்கு அதிகம் பாட்டுத் தெரியும் என்று விடியும்வரை மல்லுக்கு நிற்பார்கள். எழுதிய வசனத்தை எழுதியபடி பேச, தினம் ஒத்திகைக்கு வர, சொன்ன அடவில் நிற்கப் பெரியவர்கள் வணங்கவில்லை. பிள்ளைகள் வணங்குவார்கள். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று அந்த எண்ணம் உருக்கொண்டது. மதுரைச் சபைக்கு முதல் போட்டவர்கள் வேறு ஆட்கள், சுவாமிகள் ஆசிரியர். ‘பாலர் சபை’ என்று போர்டு சொன்னாலும் ஊர் வாயில் அது ‘பாய்ஸ் கம்பெனி’தான்.

அங்கே நாள் எப்படிப் போனது என்பதை அதில் வளர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தால் அந்தக் கம்பெனி வீட்டின் வாசனையே வரும். விடியலில் எழுந்து குரல் சாதகம், பிறகு வசனப் பாடம், ஆர்மோனியத்தோடு பாட்டு, ஒத்திகை. இரவில் நாடகம். ஒரு பையன் தன் வேடத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. பக்கத்தில் நிற்பவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் வேடத்தில் இவன் இறங்க வேண்டும். பெண் வேடமும் பையன்களுக்கே. நடை, இடுப்பு, முந்தானை, கண் எல்லாம் பாடம்தான். வீடு தொலைவில். தப்புக்குப் பிரம்பு. கடிதம் எழுதி அப்பாவை வரவழைத்தவர்களும் உண்டு, சொல்லாமல் ஓடியவர்களும் உண்டு.

சண்முகம் மதுரைச் சபையில் சேரும்போது வயது ஆறு. அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடகக்காரர். பெண் வேடத்தில் பேர் வாங்கியவர். மகன்களோடு அவரும் அதே சபையில் இருந்தார். இந்த விவரத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது. அந்தப் பொடியனின் குரலையும் துணிச்சலையும் பார்த்து அவனுக்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதினார். பாட்டும் வசனமும் சேர்த்து முழு நாடகமும் ஒரே இரவில். எழுதிய வேகத்தைப் பலரும் வியப்பார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். ஐம்பதை எட்டிய புலவர், ஒரு குழந்தையின் தொண்டை எதுவரை ஏறும், எங்கே மூச்சு வாங்கும் என்று அளந்து அதற்கேற்பச் சந்தம் கட்டியிருக்கிறார். பாடத்துக்குள் பிள்ளையைத் திணிக்காமல் பிள்ளைக்கு ஏற்பப் பாடத்தை வெட்டியவர் அவர். நல்ல கலைப்பள்ளி எது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு இரவைத்தான் சொல்வேன்.

பாய்ஸ் கம்பெனிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனின் குரல் உடையும். நேற்றுவரை ஆர்மோனியத்தின் ஐந்தரைக் கட்டையில் நின்ற பாட்டு இன்று கரகரக்கும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. கம்பெனிக்கோ அது நஷ்டக் கணக்கு. பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலத்தில் குரல் போன பையனுக்கு என்ன வேடம் கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் விளாத்திகுளம் பக்கம் ஒரு கோயில் கொடையில் ‘வள்ளி திருமணம்’ பார்க்கப் போயிருந்தேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பழைய ராஜபார்ட் ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

“அண்ணாச்சி, மகரக்கட்டு வந்தப்ப என்ன செஞ்சீங்க?”

“என்னத்தச் செய்ய தம்பி? ரெண்டு வருசம் திரை இழுத்தேன். திரை இழுக்கவனுக்கும் சோறு உண்டும்லா. எங்கூட இருந்தவன் ஒருத்தன் அதுக்கும் வழியில்லாம போயிட்டான். எங்க போனான்னு யாருக்குத் தெரியும்?”

சோறு என்று அவர் சொன்னது சும்மா சொன்னதல்ல. பல வீடுகள் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பியதே அதற்காகத்தான். தகப்பனை இழந்து கும்பகோணத்தில் வறுமையில் கிடந்த குடும்பத்திலிருந்துதான் எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். சிவாஜி கணேசனின் கதை இன்னும் விசித்திரம். திருச்சியில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துப் பைத்தியமாகி, தனக்கு அப்பா அம்மா இல்லை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்தார். கட்டிய முதல் பெரிய வேடம் சீதை. நம் பாஞ்சாலங்குறிச்சிக் கதை திருச்சிச் சிறுவனை வீட்டைவிட்டு இழுத்துப் போய், 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமாகி, அடுத்த ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் என்ற பேரையும் வாங்கித் தந்தது. நாம் நினைவில் வைத்திருப்பது இப்படிப்பட்டவர்களைத்தான். திரை இழுத்தவர்களுக்குச் சுயசரிதை இல்லை.

இது தமிழ்நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஹாங்காங்கில் ஜாக்கி சான் 1961-ல் ஏழு வயதில் பீக்கிங் ஓப்பரா பள்ளியில் விடப்பட்டார். பத்து வருட ஒப்பந்தம். குட்டிக்கரணம், பாட்டு, சண்டை, கூடவே பிரம்படி. பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது அந்த ஓப்பராவுக்குக் கூட்டம் வற்றிவிட்டது. சினிமாவில் விழுந்து புரளும் வேலைக்குத்தான் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இங்கே 1930-களில் பேசும்படம் வந்து பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனதும் அப்படித்தான். வாரியபோது கைக்கு அகப்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

முத்துக்குளித்த ஊர்க்காரனுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. காலில் கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறங்குபவரின் திறமையை ஊர் பாடும். ஆனால் அவர் உயிர் இருப்பது வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் கையில். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்ததும் இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மூச்சு முடிந்தது. அதனால்தான் மச்சானைக் கயிறு பிடிக்கவைத்தார்கள் என்பார்கள் நம் கடற்கரையில். தன் அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்கு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டாலும் அந்தக் கணக்கு இன்னும் செல்லும். ஒரு பிள்ளையைக் கலையின் ஆழத்துக்கு இறக்குகிறோம் என்றால், மேலே கயிறு பிடித்திருப்பவர் யார்? அவர் அந்தப் பிள்ளைக்கு என்ன உறவு?

சண்முகத்துக்கு அப்பா இருந்தார், அண்ணன்கள் இருந்தார்கள், சுவாமிகள் இருந்தார். சண்முகத்தின் மகரக்கட்டுக் காலத்தைத் தாண்டவைக்கச் சொந்த சபையே இருந்தது. 1925-ல் சகோதரர்கள் பால சண்முகானந்த சபையைத் தொடங்கியிருந்தார்கள். பொய் சொல்லிச் சேர்ந்த சிறுவனுக்கும் சோற்றுக்குச் சேர்ந்த பலருக்கும் அப்படி யாருமில்லை. முதலாளி கையிலிருந்தது கயிறல்ல, ஒப்பந்தம். திறமையைக் காட்டிலும் இந்த வித்தியாசம்தான் பலருடைய தலையெழுத்தைத் தீர்மானித்தது என்பது என் துணிபு.

வாத்தியார் வாழ்க்கையே இதைச் சொல்லிவிட்டுப் போனது. கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. விடிய விடியச் சந்தம் சொன்ன நாக்கு எழவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். பெண்டாட்டி பிள்ளை என்று யாருமில்லை. சபைதான் அவருக்கு வீடு, அவர் குரல் கொடுத்து வளர்த்த பையன்கள்தான் பிள்ளைகள். சபையோடு ஊர் ஊராகப் போய், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் கண்மூடினார். குரல் போன சிறுவர்களுக்குக் கம்பெனிகள் காட்டாத கருணை, குரல் போன வாத்தியாருக்குக் கிடைத்தது. கொடுத்தவர்களும் சிறுவர்களே.

சரி, இன்றைக்கு வருவோம். பாய்ஸ் கம்பெனிகள் போய்விட்டன. பிள்ளைகளை மேடையேற்றும் ஆசை போகவில்லை. டிவியில் பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, சினிமா. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் இவற்றைக் கொஞ்சம் கட்டிப் போட்டிருக்கின்றன. குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பேரில் வங்கி வைப்பில் போட வேண்டும். எனக்குப் பிடித்த விதி இதுதான்: அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கயிறு பிடிக்க ஆள் வை என்று சட்டமே சொல்லிவிட்டது. நடைமுறையில் அந்த ஆள் யார், பேர் என்ன என்று எத்தனை பெற்றோர் கேட்கிறார்கள்?

அதுவும் சம்பாதிக்கும் குழந்தைக்குத்தான். கற்றுக்கொள்ளும் குழந்தையைப் பற்றி அந்த விதி பேசவில்லை. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் 2023-ல் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகாரோடு தரையில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. எண்பது ஆண்டுப் பெருமை உள்ள இடத்திலும் சுண்டிய கயிற்றை மேலே உடனே இழுக்க ஆளில்லை.

நம் தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 முதல் 25 வயதுவரை சேரலாம், மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகிற கதவு இது. ஒரே குறை, பட்டியலில் நாடகம் இல்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவர் பிறந்த மாவட்டத்து இசைப்பள்ளியில் அவருடைய கலைக்கு ஒரு வகுப்பறை கேட்பது அதிகமில்லை.

பன்னிரண்டு வயதில் குரலிசைக்குச் சேரும் பையனுக்கு மூன்றாண்டுக்குள் பெரும்பாலும் மகரக்கட்டு வந்துவிடும். எங்கள் தெருவில் அப்படி ஒருவன் இருந்தான். கோயில் பாடல் குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். குரல் உடைந்ததும், “சரியானதும் வாப்பா” என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடம் தாளம், மிருதங்கம், மேடைப் பேச்சு என்று எதிலாவது அவனைப் பிடித்து வைத்திருக்க ஒருவர் போதுமாக இருந்தது.

எனவே பிள்ளையை எந்தக் கலைப் பள்ளியில் சேர்ப்பதானாலும், சான்றிதழுக்கு மதிப்புண்டா, டிவியில் வருமா என்ற கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளுங்கள். குரல் உடைந்தால், கால் சுளுக்கினால், வாத்தியார் வரம்பு மீறினால், பிள்ளைக்கே ஒருநாள் அலுத்துவிட்டால், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். ‘நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்’ என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.