சந்தாப் பணம் யார் கையில் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி நூலகங்களுக்குப் பருவ இதழ்களை வரவழைத்துத் தரும் சந்தா முகவர்களை, மேசை நாற்காலி வாங்குவதுபோல் கொட்டேஷன் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. மூன்று கொட்டேஷன் வரும். அதிகத் தள்ளுபடி எழுதியவருக்கு ஆர்டர் போகும். கூடவே ஆண்டுச் சந்தா முழுவதும் முன்பணமாகப் போய்விடும். இது நூலகத்துக்கும் மாணவர்களுக்கும் இழைக்கப்படும் அநீதி.

இதழின் விலையை முகவர் வைப்பதில்லை. அது பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் இருப்பது. எந்த முகவர் வழியாகப் போனாலும் அதே விலைதான். பதிப்பகம் முகவருக்குத் தரும் கழிவு சொற்பம். கல்விச் சங்கங்கள் நடத்தும் பல இதழ்களுக்கு அதுவும் கிடையாது. நிலைமை இப்படியிருக்க, ஒருவர் 10 விழுக்காடு, 15 விழுக்காடு என்று தள்ளுபடி எழுதிக் கொடுத்தால் அது எங்கிருந்து வரும்? நூலகம் கட்டிய பணத்தை மாதக்கணக்கில் கையில் வைத்துச் சுழற்றித்தான் வரவேண்டும். அல்லது சில இதழ்களுக்குச் சந்தா கட்டாமலே விட்டுவிட வேண்டும்.

இதன் விளைவை ஒரு தென்மாவட்டக் கல்லூரியில், இதழ்களின் வரவைக் குறிக்கும் கார்டெக்ஸ் அட்டையிலேயே பார்க்கலாம். ஆங்கில வார இதழ் ஒன்றுக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கட்டங்கள் காலி. ஓரத்தில் நினைவூட்டல் அனுப்பிய தேதிகள் மட்டும் பென்சிலில் குறித்திருக்கின்றன. ‘தபாலில் தவறியிருக்கும்’ என்பது முகவரின் பதில். பதிப்பகத்துக்கே போன் போட்டுக் கேட்டபோதுதான், சந்தா அங்கு வந்து சேர்ந்ததே மார்ச் கடைசியில் என்று தெரிந்தது. அதற்குள் பழைய இதழ்கள் தீர்ந்துபோயின. அந்த ஆண்டுத் தொகுதியை பைண்டிங்குக்கு அனுப்ப வழியில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் விளக்கம் கேட்டதோ நூலகரிடம்.

பெரிய நிறுவனமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் 1881இல் தொடங்கிய சந்தா முகவர் நிறுவனமான ஃபாக்ஸன், பல கை மாறி ரோகாம் என்ற பெயரில் நடந்துவந்தது. 2003ஆம் ஆண்டுக்கான சந்தாவை நூலகங்களிடம் வாங்கிக்கொண்ட அந்த நிறுவனம், பதிப்பகங்களுக்குப் பணத்தைச் செலுத்தாமலே நொடித்துப்போனது. சிக்கியது பல கோடி டாலர். பதிப்பகங்கள் பல பணம் வராமலே இதழ்களை அனுப்பிவைத்ததாலும், மற்றொரு சந்தா முகவரான எப்ஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியதாலும் நூலகங்கள் ஓரளவு தப்பின. நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் 1901இலிருந்து இதே தொழிலில் இருந்தது. 2014 செப்டம்பரில் திவாலானது. அடுத்த ஆண்டுச் சந்தாவை முந்திக் கட்டியிருந்த நூலகங்கள்தான் மாட்டிக்கொண்டன.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), தனியாருக்குத் தரும் முன்பணம் பொதுவாக ஒப்பந்த மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. அதற்கும் வங்கி உத்தரவாதம் போன்ற பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. இதழ்களுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டித்தான் ஆகவேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. அப்படியானால் பாதுகாப்பு இன்னும் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? நம் கல்லூரிகள் பலவற்றின் கொட்டேஷன் படிவத்தில் தள்ளுபடிக்குக் கட்டம் இருக்கிறது, உத்தரவாதத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

கண்காணிப்பிலும் இதே கதைதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், பருவ இதழ்களுக்கென்றே மூன்று அட்டை முறையை வகுத்தவர். அதில் ஒன்று சரிபார்ப்பு அட்டை. எந்த வாரம் எந்த இதழ் வரவேண்டும் என்று வாரவாரியாக அடுக்கியிருக்கும். வாரக் கடைசியில் எது வரவில்லை என்பது கண்ணில் பட்டுவிடும், அன்றே நினைவூட்டல் போகும். அவர் நூலகராக இருந்த சென்னையில் பிறந்த முறை இது. இன்று மென்பொருள் வைத்திருக்கும் நூலகங்களிலேயே ஆண்டு முடிவில்தான் விடுபட்ட இதழ்களைக் கணக்கெடுக்கிறார்கள். பதிப்பகங்களோ குறிப்பிட்ட கெடுவுக்குள் கேட்டால்தான் மாற்று இதழ் தரும்.

குற்றம் முகவர்களுடையது மட்டுமல்ல. சந்தா ஆண்டு பெரும்பாலும் ஜனவரியில் தொடங்குகிறது, நிதியாண்டு ஏப்ரலில். கல்லூரிக்கு ஒதுக்கீடு பிப்ரவரியில் வந்து, ஆர்டர் மார்ச்சில் போனால் நேர்மையான முகவராலும் ஜனவரி இதழைத் தர முடியாது. பணமே வராமல் பதிப்பகத்துக்குக் கைக்காசைக் கட்டிவிட்டு, பில் பாஸாக அலையும் முகவர்களும் உண்டு.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய நல்ல திட்டம் அது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு இணையத்தில் திறந்துவிடுகிறது. ஆனால் அச்சில் வரும் இந்திய இதழ்களுக்கும், தமிழ் ஆய்விதழ்களுக்கும், தனியார் கல்லூரிகளுக்கும் பழைய வழிதான்.

ஆகவே உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பதிப்பகத்தின் நடப்பு விலைப்பட்டியலும், பணம் கட்டியதற்கான ரசீதும் இல்லாமல் பில் பாஸாகக் கூடாது. வங்கி உத்தரவாதம் கட்டாயமாக வேண்டும். வராத இதழுக்குரிய தொகை திரும்ப வேண்டும். முகவரிடம் ஏற்கெனவே வாங்கும் இரண்டு நூலகங்களையாவது விசாரித்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இதழ்களுக்கான ஒதுக்கீடு அக்டோபருக்குள் கல்லூரியின் கணக்கில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி