கவனிப்பாரற்றது என்றால் கேட்பாரற்றது என்று அர்த்தமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக ஒரே பேச்சு. விற்பனைக்கே வராத பழைய இணையதளங்களைத் தேடிப் பிடித்து, மலிவாக வாங்கி, பணம் பண்ணுகிற தொழில். இரண்டு மூன்று பேர் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கப் போகிறார்களாம். "சார், இதுல யாருக்குமே நஷ்டம் இல்ல" என்று ஒருவன் எழுதியிருந்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில்.

விவரம் தெரியாத உறவுகளுக்காகத் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் ஆசையாக ஒரு தளம் தொடங்கியிருப்பார். சமையல் குறிப்போ, அளவு மாற்றும் கணக்கோ, ஏதோ ஒன்று. பிறகு வேலை, பிள்ளைகள், உடம்புக்கு முடியாமை என்று அதை அப்படியே விட்டிருப்பார். பக்கத்தின் அடியில் வருடம் 2013 என்றே நிற்கும். ஆனாலும் கூகுளில் தேடுகிறவர்கள் தினமும் அங்கே வந்துகொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட தளங்களை விற்க ஃபிளிப்பா போன்ற வெளிப்படையான சந்தைகள் இருக்கின்றன. அங்கே போட்டி உண்டு, விலை எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் 'கெட்டிக்காரர்கள்' அங்கே போவதில்லை. நின்றுபோன வருடத்தையும் அறுந்துபோன இணைப்புகளையும் அடையாளம் வைத்து, உரிமையாளரைத் தேடிப் பிடித்து, தேனொழுக ஒரு கடிதம் போடுகிறார்கள். "உபயோகமில்லாமல் கிடக்கிறதே, எனக்குக் கொடுங்களேன்" என்கிறார்கள். அவரும் கிடைத்தது லாபம் என்று கொடுத்துவிடுகிறார்.

முதல் நஷ்டம் அவருக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நற்பெயர் என்று ஒரு பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? சராசரி இலாபத்தைக் கொள்முதல் ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கு என்று கரும்பலகையில் எத்தனை கணக்குப் போட்டோம்! இந்த வியாபாரமும் அதே கணக்குதான், மாத லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்குகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், வாங்குகிறவன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டான், விற்கிறவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது.

"அவர் சம்மதிச்சுத்தானே வித்தார்?" என்பீர்கள். பரணில் கிடந்த வெண்கல உருளியைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கிப் போகிறவனிடம் பாட்டியும் சம்மதித்துத்தான் கொடுக்கிறாள். தேடிக் கண்டுபிடித்த உழைப்புக்கு லாபம் எடுங்கள், நான் தடுக்கவில்லை. மறைத்ததற்கு லாபம் எடுக்காதீர்கள்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. அந்தத் தளத்தை நம்பி வருகிறவர்களின் நஷ்டம். கை மாறியது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

குரோம் உலாவியில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு இலவசத் துணைநிரல் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். உருவாக்கியவர் 2020 ஜூனில் அதை யாரென்று வெளியே தெரியாத ஒரு தரப்பிடம் ஒப்படைத்தார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை நீக்கியது.

'பாலிஃபில்' கதை தெரியுமா? பழைய உலாவிகளிலும் புதிய தளங்கள் ஓட உதவும் நிரலைத் தந்த சேவை. 2024 பிப்ரவரியில் அதன் முகவரியை ஒரு நிறுவனம் வாங்கியது. ஜூனில் பார்த்தால், அதை நம்பி இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்தில் இருந்தன. அவற்றுக்கு வந்த கைப்பேசிக்காரர்கள் சிலரைச் சூதாட்டப் பக்கங்களுக்குத் தள்ளிவிட்டது அந்த நிரல்.

ஆப்பிள் பற்றி எழுதிவந்த 'டி.யூ.ஏ.டபிள்யூ' தளம் 2015இல் மூடப்பட்டது. 2024இல் அதை வாங்கியவர்கள், எப்போதோ விலகிப்போன பழைய எழுத்தாளர்களின் பெயரிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளை வெளியிட்டார்கள். உயிரோடு இருக்கிற மனிதர்களின் பெயர் ஐயா! அவர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் பெயர்களை மாற்றினார்கள்.

இந்த மூன்றிலும் வாங்கப்பட்ட சரக்கு எது? நிரலா, பழைய கட்டுரையா? ஜனங்களின் நம்பிக்கை. கவனிப்பாரில்லாமல் கிடந்தது தளம்தானே தவிர, அந்த நம்பிக்கையைத் தினமும் யாரோ உபயோகித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"யாரும் வாங்கலேன்னா அது செத்தே போயிடும் சார்" என்கிறீர்கள். நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். நல்ல கைக்குப் போனால் பழைய தளம் பிழைக்கும். பின்போர்டு என்ற சிறு சேவையை நடத்தும் மாச்சே செக்வோவ்ஸ்கி 2017இல் என்ன செய்தார் பாருங்கள். ஒரு காலத்தில் யாஹூவிடம் இருந்து, பல கை மாறி நலிந்துபோன 'டெலிஷியஸ்' தளத்தை வாங்கினார். வாங்கியதை ஊரறியச் சொன்னார். கொடுத்த விலை 35,000 டாலர் என்பதும் வெளியே தெரிந்தது. புதிதாக எதையும் சேமிக்க முடியாது, பழையது இருக்கும் என்று அறிவித்தார். வேண்டுமானால் என் கட்டணச் சேவைக்கு வாருங்கள் என்றும் அழைத்தார். அவரும் வியாபாரிதான். ஆனால் ஒளித்துச் செய்யவில்லை.

ஆகவே இதில் இறங்குகிறவர்களுக்கு என் நிபந்தனை மூன்று. எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று நீங்கள் போட்ட கணக்கை விற்கிறவரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள். உரிமை மாறியதை முதல் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி எழுதுங்கள். பழைய எழுத்தையும் எழுதியவர் பெயரையும் தொடாதீர்கள்.

"இதெல்லாம் சொன்னா லாபமே நிக்காது சார்" என்று யாராவது சொன்னால், அவருக்கு என் பதில் ஒன்றுதான். அப்படியென்றால் உன் லாபம் தளத்திலிருந்து வரவில்லை தம்பி, அடுத்தவரின் அறியாமையிலிருந்து வருகிறது. அதற்குப் பெயர் வணிகம் என்று நான் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

மறுப்பு இருந்தால் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். உள்பெட்டியில் வந்து "நீங்க பழைய காலம் சார்" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.