தட்டில் வளரும் செல்லும் மடியில் வளரும் பிள்ளையும்

“மொபைலில் பேசினால் செல் எல்லாம் கெட்டுப் போகுமாமே, ஆராய்ச்சியிலே கண்டுபிடிச்சுட்டாங்களாமே அக்கா?” இளம் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும், சகோதரிகளே.

மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைச் சிறு தட்டில் சத்துள்ள திரவம் விட்டு, நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் வளர்ப்பார்கள். ஒரு தட்டுக்கு மொபைல் அலையைக் காட்டுவார்கள். இன்னொன்றை எல்லாம் அதே மாதிரி வைத்து, அலையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

இதில் பெரிய சிக்கல் சூடுதான். உறை ஊற்றிய பாலில் ஒரு கிண்ணத்தை மேடையிலும் இன்னொன்றை அடுப்புப் பக்கத்திலும் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரியா தோயும்? மொபைல் அலையும் பலமாக இருந்தால் சூடாக்கும். தட்டு சற்றே சூடானாலும், மாறுதல் அலையாலா, சூட்டாலா என்று சொல்ல முடியாமல் போகும்.

2000 முதல் 2004 வரை ஐரோப்பாவில் 7 நாடுகளைச் சேர்ந்த 12 குழுக்கள் ‘ரிஃப்ளெக்ஸ்’ என்ற ஆய்வை நடத்தின. சில வகைச் செல்களில் மரபுப்பொருளான டி.என்.ஏ. முறிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஜெர்மனியில் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்து 2007-ல் வெளியிட்டபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒருத்தி வீட்டில் மட்டும் வரும் பக்குவத்தை எப்படிக் குறிப்பாக எழுதுவது?

2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் சேர்த்தது நிஜம். ஆதாரம் அரைகுறை என்பதும் அதன் பொருளில் அடக்கம். அந்த நிறுவனமே கேட்டு 2024-ல் வெளியான மறு ஆய்வில் மொபைல் உபயோகத்துக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

எனக்குத் தெரிந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பயத்தில் ராத்திரி போனையே அணைத்துவிடுகிறாள். கணவருக்கோ வெளியூரில் வேலை. நடுராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் யாரைக் கூப்பிடுவாள்? இந்த பயம்தான் எனக்குக் கவலை தருகிறது.

பயம் வேண்டாம், ஜாக்கிரதை போதும். இதோ சில யோசனைகள்:

* வெகுநேரம் பேசினால் ஸ்பீக்கரிலோ ஒயர் வைத்தோ பேசுங்கள். தூரம் கூடக் கூட அலையின் பலம் வேகமாகக் குறையும்.

* சிக்னல் குறைவான இடத்தில் போன் அதிகப் பலத்தோடு அலையை அனுப்பும். அங்கே சுருக்கமாகப் பேசுங்கள்.

* ராத்திரி போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், மணி கேட்கும் தூரத்தில் மேஜைமேல் வையுங்கள்.

* புதுப் போன் வாங்கும்போது ‘எஸ்.ஏ.ஆர்.’ அளவைப் பாருங்கள். நம் நாட்டில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று 2012 முதல் விதி.

இனி யாராவது “ஆராய்ச்சியிலே சொல்லிட்டாங்க” என்று பயமுறுத்தினால், “தட்டிலா, மனுஷாளிடமா? வேறே யாராவது செய்து பார்த்தார்களா?” என்று கேட்டுப் பாருங்களேன்!