இரண்டாவது குரல்

நம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் குளத்தங்கரையிலிருந்து நடந்தே போய்விடலாம், கோட்டை காவல் நிலையத்துக்கு. 2005 செப்டம்பர் 27 அன்று ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட உதயகுமார் என்ற இளைஞர் அன்றே இறந்தார். தொடையில் இரும்புக் குழாயை உருட்டினார்கள் என்பது வழக்கு. ‘உருட்டல்’ என்று அதற்கு இங்கே ஒரு பெயரே உண்டு. 2018இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், விசாரணையின் குறைகளைச் சொல்லி, தண்டிக்கப்பட்ட அனைவரையும் விடுவித்தது.

யார் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது தலையங்கத்தின் வேலை அல்ல. நாம் கேட்பது வேறு. காவல் நிலையம் ஒருபோதும் ஆளில்லாமல் இருப்பதில்லை. ரைட்டர் இருப்பார், பாராவில் ஒருவர் நிற்பார், புகார் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் “நிறுத்துங்கள்” என்று சொல்ல நா எழாமல் போவது எப்படி? பிறகு நீதிமன்றத்தில் சாட்சிகள் பலர் பிறழ்ந்ததும் எப்படி? மனசாட்சி இல்லாதவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் அது உண்மையல்ல.

1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சல் தலைவர் வர்கீஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். மோதல் என்றது அரசு. 1998இல் ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் சி.ஆர்.பி.எஃப். காவலர், “கட்டிப்போட்டிருந்த அவரைச் சுட்டது நான்தான்” என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் சொன்ன விவரம் இது: யார் சுடுவது என்று டி.எஸ்.பி. லட்சுமணா கேட்டபோது கூட இருந்த காவலர்கள் கை தூக்கினார்கள், தான் தூக்கவில்லை. அதனாலேயே அந்த வேலை தன் தலையில் விழுந்தது. மறுத்தால் நீயும் மோதலில் செத்ததாகக் கணக்கெழுதப்படும் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. 2010இல் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது ராமச்சந்திரன் நாயர் உயிரோடு இல்லை.

அவருக்கு மனசாட்சி இருந்தது; இருபத்தெட்டு ஆண்டு அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். அன்று காட்டில் அவருக்கு இல்லாதது, கை தூக்காத இன்னொருவர்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பலரும் அறிவார்கள். ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, முன்பின் அறியாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் செலுத்துவதாக நம்பி 40 பேரில் 26 பேர் விசையை அழுத்தினார்கள். மனிதன் இவ்வளவுதான் என்று பெருமூச்சு விட்டுப் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதே மில்கிராம் செய்த இன்னொரு சோதனையை யாரும் அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் “இனி மாட்டோம்” என்று எழுந்துகொண்டபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். மனிதர்கள் அதே மாதிரியானவர்கள், விசையும் அதே விசை. மறுத்துக் காட்ட அருகில் ஆள் இருந்தது மட்டுமே வித்தியாசம்.

நம் நகரத்தின் சரித்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லோருக்கும் திறக்கக் கோரிய தீர்மானம், 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் 21க்கு 22 என்று தோற்றது. அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில், எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர், அந்தத் தெருக்கள் மறுக்கப்பட்ட ஈழவ சமூகத்தின் தலைவர் டாக்டர் பல்புவின் சொந்தச் சகோதரர். ஈழவருக்கு எதிராக ஈழவரையே கை தூக்கவைக்க அதிகாரத்தால் முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபனும் நாகர்கோவிலிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடுவும் அதே கோரிக்கைக்கு ஆதரவாகச் சவர்ண ஜாதாக்களை, அதாவது மேல்சாதியினரின் நடைபயணங்களை, இந்நகருக்கு நடத்தி வந்திருந்தார்கள். இருபத்தையாயிரம் பேருக்குக் குறையாத சவர்ணர்கள் ஒப்பமிட்ட மனு மகாராணியிடம் தரப்பட்டது. தீண்டாமை தவறு என்று வீட்டுக்குள் நினைத்திருந்தவர்கள் தங்களைப் போல் இத்தனை பேரா என்று கண்டது அந்த நடையில்தான். சட்டமன்றம் தோற்கடித்ததை ஜாதா தோற்கவிடவில்லை. 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச விளம்பரத்தை மன்னரின் கருணையாக மட்டும் சொல்பவர்கள் இந்தக் கால்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே அதிகாரத்தின் முதல் வேலை நம்மை அச்சுறுத்துவது அல்ல, தனிமைப்படுத்துவது. மெமோ ஒருவருக்குத்தான் வரும், இடமாற்றமும் ஒருவருக்குத்தான். சட்டவிரோதமான ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. மறுத்த காவலருக்கு மறுநாள் யார் துணை என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அப்படியொரு துணையைச் சங்கங்களும் சட்டமும் உருவாக்கித் தரும்வரை லாக்கப் மரணங்களுக்குப் பின் நடக்கும் விசாரணைகள் ஓய்வதில்லை.

காவல் நிலையத்துக்கு வெளியேயும் இதே கதைதான். தலைமை என்பதை முதலில் பேசுபவரோடு முடித்துவிடுகிறோம். முதலில் பேசுபவர் எப்போதும் இருக்கிறார். பெரும்பாலும் தோற்றும் போகிறார். ரெசிடென்ஸ் அசோசியேஷன் கூட்டமோ, கோயில் கமிட்டியோ, அலுவலகமோ, எங்கேயும் இதைப் பார்க்கலாம். கூட்டம் கலைந்தபின் சாயாக்கடையில் வந்து, “நீங்க சொன்னதுதான் சார் சரி” என்று தோளில் கை வைப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அந்த வாக்கியத்துக்கு அங்கே மதிப்பில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் கூட்டத்துக்குள், மினிட்ஸ் எழுதி முடிக்கும் முன்.