கத்திக்கு முன்னே கண் வேண்டும்!

அமராவதிக் கரையிலே இருக்கிற தாராபுரத்திலே, கோழி கூவும் முன் எழுந்து, மாட்டுக்குத் தீனி வைத்து, பிள்ளைக்குச் சோறு கட்டி, ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாளே ஒரு தாய் — அவள் உடம்புக்கு என்ன என்று கேட்டவர் அந்த வீட்டிலே உண்டா?

மாடு தீனி எடுக்கவில்லையென்றால் மருத்துவரை அழைக்க ஆள் ஓடுகிறது. கிணற்று மோட்டார் பழுதானால் அன்றைக்கே மெக்கானிக் வருகிறார். ஆனால் வீட்டுத் தாய்க்கு மாதக்கணக்கில் வெள்ளை படுகிறது, கணவனோடு கூடியபின் உதிரம் கசிகிறது, தீட்டு நின்று ஐந்தாண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் காண்கிறது என்றால், மூச்சு விடக்கூடாது! "உடம்புச் சூடு, வெந்தயம் தின்னு" என்பார் ஒருவர். "வயசானால் அப்படித்தான்" என்பார் இன்னொருவர். வெட்கம் என்று பெயர் சூட்டி, பெண்ணின் வாய்க்கு நாம் போட்ட பூட்டு, அவள் உயிருக்கே போட்ட பூட்டாகிவிடுகிறது.

மிகைப்படுத்துகிறோம் என்பீர்களா? கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் ஒரு லட்சத்து 27 ஆயிரம் பேர். மாண்டவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர் என்கிறது உலக மதிப்பீடு. போர்க்களத்திலே 80 ஆயிரம் பேர் மடிந்தால் நாடு கொந்தளிக்கும். அடுப்பங்கரையிலே மடிந்தால் 'விதி' என்று சொல்லித் திண்ணையிலே வெற்றிலை போடுகிறோம்!

விதியா இது? இந்த நோய்க்கு மூலம் பாப்பிலோமா என்ற கிருமி. அது தொற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகிறது. பத்தாண்டு அவகாசம் கொடுத்து வருகிற எதிரியிடம் தோற்பது விதியல்ல, நம் கவலையின்மை!

சான்று தேடி அயல்நாடு போக வேண்டாம். தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் பேருந்தில் ஏறினால் போதும். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவ மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கிற்று. கோடி ரூபாய் இயந்திரமா கொண்டுசென்றார்கள்? இல்லை. காடியிலே இருக்கிற அசெட்டிக் அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவினார்கள். சற்றே பொறுத்து, வெண்மையாக மாறிய இடம் உண்டா என்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயது வரை உள்ள 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் வந்தார்கள். முடிவு 2007-இல் 'லான்செட்' ஏட்டில் வெளியாயிற்று: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களிலே, அழைக்கப்படாத ஊர்களைவிட நோய் 25 விழுக்காடு குறைவு, சாவு 35 விழுக்காடு குறைவு. நம் பக்கத்து ஊர்த் தாய்மார்கள் உலகத்துக்கே பாடம் நடத்தினார்கள். பக்கத்தில் இருக்கும் நாம் அந்தப் பாடத்தைப் படித்தோமா?

"நோய் வந்தால் அறுத்து எடுத்துவிடலாமே" என்பார் உண்டு. அறுவை வல்லமையானதுதான், ஆனால் காலம் பார்த்துச் செய்ய வேண்டிய வல்லமை. புற்றாவதற்கு முன்பே கண்டால், உறைய வைத்தோ, சிறு பகுதியை மட்டும் நீக்கியோ கருப்பையைக் காப்பாற்றிவிடலாம். கருப்பைவாயளவில் சிறிதாக நிற்கும்போது கண்டால், கருப்பையையும், சுற்றியுள்ள திசுவையும், நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை உண்டு. 1898-இல் வியன்னாவிலே வெர்ட்ஹைம் தொடங்கிவைத்த வழி அது. கல்கத்தாவின் சுபோத் மித்ரா, கீழ்வழி அறுவையைச் செப்பனிட்டு உலகப் புகழ் பெற்றார். அந்த நிலையிலே கண்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. தொலைவு உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டால் ஐவரில் ஒருவர்தான்!

இடைநிலையிலே, சுற்றுத் திசுவுக்குப் பரவிவிட்டால் கத்தி முதல் ஆயுதமல்ல. மும்பை டாடா மருத்துவமனை 633 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்விலே, மருந்து கொடுத்துப் பின் அறுத்தவர்களில் 69 விழுக்காட்டினரும், கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு நோயின்றி இருந்தனர். அதே ஆண்டில் வந்த இன்னொரு பன்னாட்டு ஆய்வு, சிறு துளை வழியே செய்த பெரிய அறுவையைவிட, வயிற்றைத் திறந்து செய்ததே இந்த நோயில் மேல் எனக் காட்டிற்று: நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர் 86-க்கு 96.5 விழுக்காடு. தழும்பு சிறிதா என்று கேட்பதற்கு முன், உயிர் நிலைக்குமா என்று கேட்க வேண்டும்.

கருப்பையின் உட்சுவர்ப் புற்று, தீட்டு நின்றபின் வரும் உதிரத்தால் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. தொடக்கத்தில் அறுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். சினைப்பைப் புற்றோ பதுங்கும் கள்ளன். வயிற்று உப்புசத்தை வாயு என்றெண்ணிச் சோடா குடித்துக் காலம் போக்கினால், வயிறெங்கும் பரவிவிடும். அங்கே கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதையும் விடாமல் எடுக்கத் தெரிந்த கை வேண்டும்.

ஆகவேதான் ஓர் எச்சரிக்கை. வெள்ளை படுகிறது என்று போனவுடன், கருப்பைவாயைச் சோதிக்காமலே "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று நாள் குறிக்கும் வழக்கம் ஆங்காங்கே இருக்கிறது. உள்ளே புற்று இருப்பது தெரியாமல் சாதாரண அறுவை செய்துவிட்டால், எடுக்க வேண்டிய சுற்றுத் திசுவும் கணுக்களும் உள்ளேயே நின்றுவிடும். பின்னர் செய்யும் வைத்தியமும் சிக்கலாகும். தாய்மார்களே! சோதனை முடிவைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தூணாக்கி, 1954-இல் அடையாறு மருத்துவமனையை எழுப்பினார். அங்கே 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்தப் பணியை விடவில்லை. பேரறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3 அன்று இந்தப் புற்றுநோய்தான் நம்மிடமிருந்து பறித்தது. அவர் பெயரால் காஞ்சியிலே புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. ஏழைக்கும் உயர்ந்த வைத்தியம் என்று 2009-இல் கலைஞர் தொடங்கிய காப்பீடு, பிறகு பெயர் மாறினாலும், அந்தக் கொள்கையை யாராலும் மாற்ற முடியவில்லை. திருப்பூருக்கும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடம் வந்தது, கதவைத் தட்ட ஆள் வரவேண்டாமா?

ஆட்சியாளரை நாம் கேட்பது இது: மூலனூர், குண்டடம், அலங்கியம் என எந்த ஊர்ப் பெண்ணும், கூலி போகாத ஞாயிற்றுக்கிழமையிலே, பெண் செவிலியரிடம் இந்தச் சோதனை செய்துகொள்ள வழி வேண்டும். ஐயம் கண்டால், சீட்டைக் கையில் கொடுத்து "கோவைக்குப் போ" என்று விட்டுவிடாமல், வண்டியும் துணையும் தரவேண்டும்.

14 வயதுப் பெண்களுக்கு இலவசத் தடுப்பூசி என்று 2025 நிதிநிலை அறிக்கையிலே தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த ஊசியைப் பற்றி வதந்தி பரப்புவோரை நம்பாமல், பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

கழகத் தோழர்களே! வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறிய கால்கள் இதற்கும் ஏறட்டும். முதலில் உங்கள் வீட்டிலே தொடங்குங்கள். இன்று இரவு சோற்றுத் தட்டின்முன் உட்காரும்போது, "உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று மனைவியை, தாயை, தமக்கையைக் கேளுங்கள். பூட்டைப் போட்டவர்கள் நாம். திறக்க வேண்டியவர்களும் நாமே!