ஏர்கன்னுக்கு ஸ்பிரிங் மாத்துற தம்பிகளுக்கு: டெல்டா டாக்டர் ஒருத்தரின் நீண்ட இழை

1/
நேத்து எங்க பக்கத்து விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுல ஒரு வீடியோ வந்துச்சு. "வீட்டிலேயே ஏர்கன் பவர் ஏத்துவது எப்படி". பழைய ஸ்பிரிங்கைக் கழட்டி முரட்டு ஸ்பிரிங் போடுறாங்க. கடைசியில ஒரு பலகையைச் சுட்டு, பின்பக்கம் வந்த ஓட்டையைக் காட்டிச் சிரிக்கிறாங்க. கீழ நாற்பது பேர் கை தட்டியிருக்காங்க.

2/
அந்த நாற்பது பேருக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. கோபம் வந்தா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

3/
முதல்ல ஒரு சம்பவம். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். சில வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஒன்பது வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலது கண்ணு வீங்கி மூடியிருக்கு. "கருவேல முள்ளு குத்திடுச்சு சார்" என்றார் கூட வந்த சித்தப்பா.

4/
முள்ளு குத்தினா இவ்வளவு ரத்தம் கட்டாது. திரும்பத் திரும்பக் கேட்டோம், அதே பதில்தான். எக்ஸ்ரே எடுத்தோம். கண் குழிக்குள்ள சுண்டு விரல் நகத்தளவு கூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. ஈயம். படத்தை வெளிச்சத்துல காட்டினதும் சித்தப்பா தரையில உட்கார்ந்துட்டார்.

5/
குளத்தங்கரையில மடையான் உட்கார்ந்திருந்ததாம். குறி தப்பி ரவை படித்துறைக் கல்லுல பட்டுத் தெறிச்சிருக்கு. பக்கவாட்டுல நின்ன பையன் கண்ணுல ஏறிடுச்சு. அடிபட்டது மத்தியானம் ரெண்டு மணிக்கு. எங்ககிட்ட வந்தது ஏழு மணிக்கு. நடுவுல அஞ்சு மணி நேரம் "கேஸ் ஆயிடுமோ"ங்கிற பயத்துல போச்சு.

6/
மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். கண்ணைக் காப்பாத்த முடியலை. "போன வாரம்தான் சார் ஸ்பிரிங் மாத்தினேன்" என்று அந்தச் சித்தப்பா சொன்னது இன்னமும் காதுல இருக்கு. அவர் கெட்டவர் இல்லை. நமக்கெல்லாம் தெரிஞ்ச மாதிரியான, கை வேலை தெரிஞ்ச, நல்ல மனுஷன். அதனாலதான் எழுதுறேன்.

7/
"வெறும் காத்துதானே டாக்டர், பொம்மைத் துப்பாக்கி" என்று சொல்றவங்களுக்குக் கொஞ்சம் கணக்கு. 4.5 மில்லிமீட்டர் ரவையோட எடை சுமார் அரை கிராம். நொடிக்கு சுமார் 100 மீட்டர் வேகத்துல போனாலே மனுஷத் தோலைத் துளைக்கும். கண்ணுக்கு அதைவிடக் குறைஞ்ச வேகமே போதும்.

8/
வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு. அரை கிராம் ரவை நொடிக்கு 200 மீட்டர்ல போனா 10 ஜூல். 280 மீட்டரைத் தாண்டினா 20 ஜூலை நெருங்கிடும். நம்ம நாட்டுச் சட்டம் கோடு போட்டிருக்கிற இடம் அதுதான்.

9/
2016 ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு மேல போகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் வேணும். கடையில வாங்கும்போது சட்டப்படி இருந்த துப்பாக்கி, நீங்க ஸ்பிரிங் மாத்தின ராத்திரியில சட்டவிரோத ஆயுதமா மாறலாம். பில் உங்க பேர்ல இருக்கும்.

10/
சரி, எத்தனை ஜூல்னு எப்படித் தெரியும்? அதுக்கு ரவையோட வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் கருவி வேணும். வீடியோ போட்ட தம்பிகிட்ட இருக்கிறது ஒரு பலகையும் ஒரு தகர டப்பாவும். பலகை ஓட்டையாச்சுன்னா சந்தோஷம். நான் ஒரு நோயாளிக்கு பிரஷர் பார்க்காம, "நாடி நல்லா துடிக்குது"ன்னு மாத்திரையை ரெண்டு மடங்காக்கினா என்னைச் சும்மா விடுவீங்களா?

11/
இன்னொரு கணக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் சுட்டதும் அதே பிரிவு. அந்தப் போட்டித் துப்பாக்கிகளோட ஆற்றல் ஏறக்குறைய எட்டு ஜூலுக்குள்ளதான்.

12/
அதாவது, உலகத்துலயே துல்லியமா சுடுறவங்களுக்கு எட்டு ஜூல் போதும். உங்களுக்கு மட்டும் எதுக்கு இருபதைத் தாண்டணும்? இதுக்கு நேர்மையான பதில் ஒண்ணுதான். குறி பார்க்க இல்லை, உயிரை எடுக்க.

13/
பொழுதுபோக்கா சுடுறவங்க சண்டைக்கு வருவாங்க, தெரியும். "டியூனிங்னாலே பவர் ஏத்துறது இல்லை சார்." சரிதான். ஸ்பிரிங் துப்பாக்கியில பிஸ்டன் முன்னாடி பாயும்போது ஒரு உதறல், போய் முட்டும்போது எதிர்ப்பக்கம் ஒரு உதறல். ரவை குழாயை விட்டு வெளியே போறதுக்குள்ளயே இது நடக்குது. முரட்டு ஸ்பிரிங் போட்டா உதறல் கூடும், குறி கெடும்.

14/
விஷயம் தெரிஞ்சவங்க பண்ற டியூனிங்ல பிசிறு எடுக்கிறது, சரியான கிரீஸ், தேய்ஞ்ச வாஷரை மாத்துறது இதெல்லாம்தான் இருக்கும். பல பேர் பவரைக் குறைச்சே வைக்கிறாங்க. அவங்களோட எனக்குச் சண்டை இல்லை. குறி கெட்டாலும் பரவாயில்லை, பலகை கிழியணும்னு நினைக்கிறவங்களோடதான் சண்டை.

15/
கழட்டுறதுலயே ஆபத்து இருக்கு. துப்பாக்கியை மடக்காம வச்சிருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் பாதி அமுங்கித்தான் இருக்கும். அதுக்குன்னு உள்ள அமுக்கியில பிடிக்காம பின் கட்டையைக் கழட்டினா அது முகத்துக்குப் பாயும். டிரிக்கர் கொக்கியை ராவினா, குழாய் மடங்கியிருக்கும்போதே நழுவி விரலை நறுக்கும். உள்ளே பெட்ரோல், எண்ணெய் விட்டு "வெடி" வைக்கிறவங்களும் உண்டு. அது காத்துத் துப்பாக்கி இல்லை, பட்டாசு.

16/
இப்ப மெயின் கேள்விக்கு வரேன். "டாக்டர், நீங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசுறீங்க. மயிலும் எலியும் பன்னியும் வயலை அழிக்குது. நாங்க என்ன பண்றது?" இது நியாயமான கேள்வி. நானும் சம்பா சாகுபடி பண்ற வீட்டுப் பிள்ளைதான். கதிர் வர நேரத்துல எலி வெட்டின வயலைப் பார்த்து எங்க அப்பா வரப்புல உட்கார்ந்ததைப் பார்த்திருக்கேன்.

17/
ஆனா அதுக்கு ஏர்கன் பதில் இல்லை. எலி ராத்திரியில வெட்டுது. நீங்க பகல்ல சுடுறது கொக்கையும் மடையானையும். அதுங்க தின்னுறது வெட்டுக்கிளி, புழு, தவளை, வரப்பைத் துளைக்கிற நண்டு. எலியைத் தின்ன வர கூகையையும் "அபசகுனம்"னு சுடுறீங்க. ஒரு கூலியும் வாங்காம வயல்ல வேலை பார்க்கிற ஆளைச் சுட்டுட்டு, எலி பெருகிடுச்சுன்னா எப்படி?

18/
ஸ்பிரிங் மேல அவ்வளவு ஆசைன்னா, நம்ம ஊர் பேர்லயே ஒண்ணு இருக்கு: தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லா வளைச்சு, கயிறு கட்டி, இரை வச்சு, பொழுது சாயும்போது வயல்ல வச்சுட்டு வந்தா எலியை மட்டும் பிடிக்கும். லேத் பட்டறை வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். தெறிச்சுப் போய் அடுத்த வீட்டுப் பிள்ளை கண்ணுல ஏறாது. வயல்ல டி வடிவக் குச்சி நட்டா ஆந்தை தானா வந்து உட்காரும்.

19/
மயில்? பயிரை மிதிக்கிறது உண்மை. ஆனா 1972 வன உயிரினச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கிற பறவை. கொன்னா மூணுலேருந்து ஏழு வருஷம் சிறை. காட்டுப்பன்னி? ஏர்கன் ரவையில பன்னி சாகாது. காயத்தோட வெறி பிடிச்சு நாத்து நடுற பொம்பளைங்க பக்கம் ஓடும். காப்புக்காட்டுலேருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர பன்னிகளைச் சுட 2025-ல தமிழக அரசு அனுமதி கொடுத்தப்ப கூட, பயிற்சி பெற்ற துறை ஆட்கள்தான் சுடணும்னு வச்சாங்க. உங்களையும் என்னையும் சுடச் சொல்லலை.

20/
பயிர் சேதத்துக்கு ஒழுங்கான இழப்பீடு, அதுவும் அறுவடைக்கு முன்னாடியே பார்த்து எழுதிக் கொடுக்கிற இழப்பீடு, கேளுங்க. சத்தமா கேளுங்க. நானும் கூட வரேன். ஆனா அந்தக் கோபத்தைத் தண்ணியில நிக்கிற கொக்கு மேல காட்டாதீங்க.

21/
உண்மையைச் சொல்லிடுவோமே. நிறையப் பேருக்குப் பயிர் ஒரு சாக்கு. மடையான் கறிக்கு ஆள் இருக்கு, அதான் விஷயம். கோடியக்கரை 2002-லயும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ரெண்டும் 2022-லயும், கரைவெட்டி 2024-லயும் ராம்சர் பட்டியலுக்குப் போச்சு. உலகமே பெருமைப்படுற பறவைகள் இரை தேட நம்ம வயலுக்குத்தான் வருது. சரணாலயத்துக்குள்ள பாதுகாப்பு, வரப்புல ரவையா?

22/
இன்னொண்ணு. டெல்டா தட்டையான பூமி. மலை இல்லை, மேடு இல்லை, ரவையைத் தடுக்க ஒண்ணும் இல்லை. தப்பின ரவை சில நூறு மீட்டர் போகும். அங்க குனிஞ்சு களை எடுக்கிற ஒரு அம்மா இருப்பாங்க. "யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் சுட்டேன்" என்கிறதை எங்களை மாதிரி டாக்டருங்க நிறையக் கேட்டாச்சு.

23/
மத்த ஊர்ல என்ன பண்றாங்க? ஜெர்மனியில லைசென்ஸ் இல்லாம வாங்குறதுக்கு உச்சவரம்பு 7.5 ஜூல். 2005-ல கிளாஸ்கோவுல ஏர்கன் ரவை பட்டு ரெண்டு வயசுக் குழந்தை செத்துப்போச்சு. அதுக்கப்புறம் நடந்த போராட்டத்தால, 2016 டிசம்பர் 31-லேருந்து ஸ்காட்லாந்துல ஏர்கன்னுக்கே சான்றிதழ் வேணும்.

24/
வெளிநாடு வேண்டாம்னா அருணாசலப் பிரதேசத்தைப் பாருங்க. வேட்டையாடுறது பரம்பரைப் பழக்கமா இருந்த மாநிலம். 2021 மார்ச்ல லும்டுங்ங்கிற கிராமத்துல ஏர்கன்களை ஒப்படைக்கிற இயக்கம் ஆரம்பிச்சாங்க. ரெண்டாயிரத்துக்கும் மேல ஜனங்களே கொண்டு வந்து கொடுத்துட்டாங்க. அவங்களால முடிஞ்சது சோறுடைத்த சோழநாட்டால முடியாதா?

25/
எல்லாத்தையும் மீறி யாருக்காவது அடிபட்டா, இதை மனசுல வச்சுக்கங்க. கண்ணுல பட்டா தேய்க்காதீங்க, கழுவாதீங்க, அழுத்திக் கட்டாதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாத மாதிரி மேல கவுத்து டேப் ஒட்டுங்க. சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். உடனே கிளம்புங்க.

26/
நெஞ்சு, வயிறு, கழுத்துல பட்டா, வெளிக்காயம் கொசுக்கடி மாதிரிதான் தெரியும். அதை நம்பாதீங்க. உள்ளே எங்க போயிருக்குன்னு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். நீங்களே பிளேடால கீறி எடுக்கப் பார்க்காதீங்க.

27/
முக்கியமா, டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க. எம்.எல்.சி. போடுவோம், போலீஸுக்குத் தகவல் போகும், அது எங்க கடமை. ஆனா அதுக்காக வைத்தியம் ஒரு நிமிஷம் நிக்காது. முதல்ல உயிர், அப்புறம்தான் காகிதம்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே சொல்லிடுச்சு. "முள்ளு"ன்னு சொன்னா நாங்க முள்ளைத் தேடுவோம். அந்த நேரத்துல கண்ணு போயிடும்.

28/
வியாபாரிகளுக்கு: ஏர்கன் விக்கும்போது எத்தனை ஜூல்னு பில்லுல எழுதிக் கொடுங்க. பட்டறைக்கார அண்ணன்களுக்கு: ஸ்பிரிங் கேட்டு வந்தா எதுக்குன்னு கேளுங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு: அது பரண்ல சும்மா கிடக்குற சாமான் இல்லை. பூட்டுப் போட்டு வைங்க, ரவையைத் தனியா வைங்க.

29/
வீடியோ போட்ட தம்பிக்கு: உன் கை வேலை சுத்தமா இருக்கு, அதை ஒத்துக்கிறேன். அந்தக் கையால டீசல் பம்ப்பை ரிப்பேர் பண்ணு, ஊரே உன்னைத் தேடி வரும். அந்த வீடியோவை எடுத்துடு.

30/
அந்தப் பையன் இப்ப பெரிய பையன் ஆயிட்டான். போன வருஷம் காய்ச்சல்னு வந்தான். செயற்கைக் கண்ணு நல்லா பொருந்தியிருக்கு, சட்டுனு தெரியாது. "என்னப்பா ஆசை, என்ன ஆகப்போற?"ன்னு கேட்டேன். "போலீஸ் ஆகணும்னு இருந்துச்சு சார்"னு சொன்னான். "இருந்துச்சு"ன்னான். நான் சீட்டுல மருந்தை எழுத ஆரம்பிச்சுட்டேன்.

முடிஞ்சுது. உங்க ஊர்க் குழுவுல பகிருங்க.