ரெட்டிபாளையத்துச் சிப்பிக் கல்லும் வானத்தின் வயதும்



சென்ற ஷஃபான் மாத இறுதியில், அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் உள்ள என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மஃரிப் தொழுகைக்குப் பின், ரமளான் பிறை தென்படுகிறதா என்று மொட்டை மாடியில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பதினொன்றாம் வகுப்புப் பயிலும் தங்கை மகன் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான்.

ஒன்று, அவனுடைய தந்தை சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரியிலிருந்து அவன் பொறுக்கி வைத்திருந்த ஒரு கல். அதன் ஒரு பக்கத்தில் வளைந்த சிப்பியொன்று, நேற்றுத்தான் கடற்கரையில் ஒதுங்கியதுபோல, முழுமையாகப் பதிந்திருந்தது. மற்றொன்று, அவனுடைய கைப்பேசிக்கு வந்திருந்த ஒரு செய்தி. 'பெருவெடிப்பை 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன குர்ஆன். விஞ்ஞானிகள் வியப்பு' என்பது அதன் தலைப்பு. நம்மில் பலருக்கும் பலமுறை வந்து சேர்ந்த செய்திதான்.

"மாமா, முன்பே சொல்லப்பட்டிருந்தால் நம்மவர்கள் ஏன் இத்தனை காலமும் அதைச் சொல்லவில்லை? வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த பிறகுதானே சொல்கிறோம்? நாளைக்கே பெருவெடிப்பு தவறு என்று அவர்கள் சொல்லிவிட்டால் குர்ஆனும் தவறு என்று ஆகிவிடுமா?" என்று அவன் கேட்டான்.

அவனிடம் எள்ளல் இல்லை. உண்மையான கவலை இருந்தது. என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. இது நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கேட்கத் துணியாத கேள்வி என்பதால், அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல்லைப் பார்ப்போம். இன்று அரியலூரிலிருந்து வங்கக் கடலைக் காண நெடுந்தூரம் கிழக்கே பயணம் செய்ய வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதியே கடலுக்கடியில் இருந்தது. இந்திய நிலம் தென்கண்டங்களிலிருந்து பிரிந்து விலகிய காலத்தில் கடல்நீர் உட்புகுந்து, பல கோடி ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் இங்கே நிலைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஆய்ந்தார். ஸ்டோலிக்ஸ்கா இங்குக் கிடைத்த உயிரினப் படிவங்களை விரிவாக வகைப்படுத்தி எழுதினார். அன்றிலிருந்து உலகப் புவியியலாளர்கள் அறிந்த ஊர்ப்பெயர்களுள் அரியலூரும் ஒன்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்தில் இன்றும் கிடக்கிறது. கல்லங்குறிச்சி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காகத் திரண்டுள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள்.

இக்கல்லைத்தான் ஆலைகளில் பொடித்து, சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, சிமெண்டாக்குகிறார்கள். நம் வீட்டுத் தூண்களிலும் பள்ளிவாசல் மினாராக்களிலும் அக்கடலின் சிப்பிகள் கலந்திருக்கின்றன என்று சொன்னால் அது மிகையன்று.

இனி வானத்திற்கு வருவோம். ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நிலவின் ஒளி நம்மை வந்தடைய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகிறது. சூரிய ஒளிக்கு 8 நிமிடத்திற்குச் சற்று மேல். நாம் வாழும் பால்வீதி மண்டலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பை அடைய ஒளிக்கே சுமார் 1 லட்சம் ஆண்டுகள் வேண்டும். அடுத்த பெரிய மண்டலமாகிய ஆண்ட்ரோமீடாவின் ஒளி 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து நம் கண்ணை எட்டுகிறது. கன்னி ராசித் திசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் அடங்கிய ஒரு கூட்டம் இருக்கிறது. அதன் தொலைவு சுமார் 5.4 கோடி ஒளியாண்டுகள். அங்கிருந்து இன்று நம் தொலைநோக்கியில் விழும் ஒளி புறப்பட்டபோது, என் மருமகன் கையிலிருந்த சிப்பி மடிந்து ஒன்றரைக் கோடி ஆண்டுகள் கடந்திருந்தன!

எண்கள் மனத்தில் நிற்பதில்லை. ஓர் உவமை சொல்கிறேன். சூரியனை 14 சென்டிமீட்டர் அகலமுள்ள தேங்காயாகச் சுருக்கி, ரெட்டிபாளையத்துத் தெருவில் வைப்பதாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகை வைத்தால், அதுவே நாம் வாழும் பூமி. நம் பயணங்கள், போர்கள், சொத்துத் தகராறுகள் யாவும் அந்தக் கடுகின்மேல் நிகழ்பவை. சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள அடுத்த விண்மீனை எங்கே வைக்க வேண்டும்? சுமார் 4000 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ மக்காவை நெருங்கும் தொலைவில்! இடையில் வேறொரு விண்மீன் இல்லை. இவ்வாறான விண்மீன்கள் நம் ஒரு மண்டலத்தில் மட்டும் 10,000 கோடிக்கும் குறையாது. ஸுப்ஹானல்லாஹ்!

இந்த அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்று எவ்வாறு அறிந்தார்கள்? எவரும் ஊகித்துச் சொன்னதன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த லெமெய்த்ர் 1927இல் அண்டம் விரிவடைவதைக் கணக்கிட்டுக் காட்டினார். தொலைவிலுள்ள மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகத்தை அளந்து ஹப்பிள் 1929இல் வெளியிட்டார். விரிவடைவது ஒரு காலத்தில் நெருங்கி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தொடக்க வெம்மையின் எச்சமாகிய நுண்ணலைக் கதிர்வீச்சை பென்ஸியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டறிந்த செய்தி 1965இல் வெளியாயிற்று. வானின் எத்திசையிலும் அது இன்றும் பரவி நிற்கிறது. இவ்வாறு அளந்தும், மறுத்தும், மீண்டும் அளந்தும் எட்டிய முடிவு இது.

ஆனால் அது இறுதி முடிவன்று. 1948இல் ஹாயில் முதலியோர் அண்டத்திற்குத் தொடக்கமே இல்லை என்னும் நிலைக் கொள்கையை முன்வைத்தார்கள். நம் நாட்டு ஜயந்த் நார்லிகரும் அவருடன் பணியாற்றியவர். அக்கொள்கை பல ஆண்டுகள் மதிப்புடன் விளங்கி, பின்னர்ச் சான்றின்முன் தளர்ந்தது. இன்றும் அண்டம் விரியும் வேகத்தை இருவேறு முறைகளில் அளந்தால் விடைகள் ஒத்துப்போவதில்லை. அண்டத்தில் நாம் அறிந்த பருப்பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். எஞ்சியதன் தன்மை புலப்படவில்லை.

இங்குதான் நம் கைப்பேசிச் செய்தியின் பிழை இருக்கிறது. அல்அன்பியா அத்தியாயத்தின் 30ஆம் வசனம் வானங்களும் பூமியும் இணைந்திருந்து பிரிக்கப்பட்டதைப் பேசுகிறது. முற்கால விரிவுரையாளர்கள் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை எழுதியுள்ளனர். மழை பொழியாதிருந்த வானமும் பயிர் முளைக்காதிருந்த பூமியும் திறக்கப்பட்டதையே அது குறிக்கிறது என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படும் விளக்கம். அவ்வாறிருக்க, இருபதாம் நூற்றாண்டின் ஒரு கோட்பாடுதான் அவ்வசனத்தின் ஒரே பொருள் என்று அறுதியிட நமக்கு யார் உரிமை தந்தது? மாறக்கூடிய ஒன்றை மாறாத வேதத்திற்கு முட்டுக்கொடுத்து நிறுத்துகிறோம். முட்டு நழுவும் நாளில், நம்மை நம்பிய பிள்ளையின் உள்ளத்தில் எது சரியும் என்று நினைத்துப் பார்க்கிறோமா?

இந்தச் சோதனை நமக்கு மட்டும் வந்ததன்று. லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய அண்டவியல் படைப்பின் தொடக்கத்திற்குச் சான்று தருவதாகப் பேசினார். அக்கோட்பாட்டை உருவாக்கியவரே அதைக் கேட்டு மகிழவில்லை, கலங்கினார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலைப்பாடு. நம்பிக்கையாளராக இருந்துகொண்டே, ஆய்வை ஆய்வாக வைத்துப் பார்த்த அந்த நேர்மை நமக்கும் பாடமாகட்டும்.

மறுபுறம், இக்கணக்குகளையெல்லாம் மறுக்கும் சகோதரர்களும் உண்டு. ஆறு நாள்களில் படைக்கப்பட்டதற்குக் கோடி ஆண்டுக் கணக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் போன்றது என்றும், ஐம்பதாயிரம் ஆண்டுகள் அளவுடையது என்றும் குர்ஆனே பேசுவதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கையில் இருக்கும் சிப்பியை இல்லையென்று சொல்வது ஈமானைக் காப்பதாகாது.

நம் முன்னோர் இவ்விரு வழியிலும் செல்லவில்லை. கி.பி. 973இல் பிறந்த அல்பிரூனி, அரபுப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்த கற்களை உடைத்தால் அவற்றினுள்ளே சிப்பிகள் இருப்பதைக் குறிப்பிட்டு, அந்நிலம் முன்பு கடலாக இருந்தது என்று முடிவு செய்தார். வட இந்தியச் சமவெளியில், மலையை விட்டு விலக விலக ஆற்றுக் கற்கள் சிறுத்து மணலாவதைக் கண்டு, அதுவும் வண்டல் நிரம்பிய பழைய கடலே என்று எழுதினார். ரெட்டிபாளையத்துக் கல் அவர் கையில் கிடைத்திருந்தால், அதை வசனத்தோடு ஒட்டிப் பெருமை பேசியிருக்க மாட்டார், உடைத்துப் பார்த்திருப்பார். அப்துர் ரஹ்மான் அல்சூஃபி 964இல் எழுதிய விண்மீன் நூலில், ஆண்ட்ரோமீடா மண்டலத்தை ஒரு சிறு மேகம் போன்றதாகப் பதிவு செய்தார். வெறுங்கண்ணால் வானைப் பார்த்து, பார்த்ததை எழுதிவைத்த உழைப்பு அது. "நம்மவர்கள் ஏன் சொல்லவில்லை?" என்னும் என் மருமகனின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. பார்த்த காலத்தில் சொன்னார்கள். பார்ப்பதை நாம் நிறுத்திவிட்டோம். பிறர் பார்த்துச் சொன்ன பிறகு, 'எங்களிடம் முன்பே இருந்தது' என்கிறோம்.

"இச்செய்திகளால் சிலருடைய ஈமான் உறுதிப்படுகிறதே?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆயினும், கேட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளையிருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் என்று ஒரே நாளில் செய்தி பரவிற்று. வல்லுநர்கள் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் கடலுயிர் சார்ந்த படிவங்கள் என்றார்கள். வியப்பூட்டும் செய்தி என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதை நம் மாவட்டத்து மண்ணே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வேதத்தின் பெயரால் பரப்பும் செய்திக்கு இன்னும் கூடுதலான கவனம் வேண்டாமா?

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதிப் பகுதி, நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைப்போரையும், வானங்கள் பூமியின் படைப்பைச் சிந்திப்போரையும் ஒருசேரப் பாராட்டுகிறது. சிந்திப்பது ஒரு வணக்கம். அதற்கு உழைப்பு வேண்டும். பிறருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது சிந்தனையாகாது.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. விடுமுறையில் பிள்ளைகளை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கும் சாத்தனூர்க் கல்மரத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். வாய்ப்பிருந்தால் ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டுள்ள காவலூர் வானாய்வகத்தைக் காட்டுங்கள். பிறை பார்க்கும் இரவில் ஒரு சிறு தொலைநோக்கியைப் பள்ளிவாசல் மாடியில் வைக்க ஜமாஅத்தார் முன்வரலாம். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அல்லாஹு அஃலம் என்று சொல்வது நம் மார்க்க அறிஞர்களின் மரபு.

அன்றிரவு என் மருமகனிடம் இவ்வளவும் நான் சொல்லவில்லை. "உன் கேள்வி சரியானது. குர்ஆனை விஞ்ஞானம் காப்பாற்ற வேண்டியதில்லை. விஞ்ஞானத்தைக் கண்டு நீ அஞ்ச வேண்டியதுமில்லை. நன்றாகப் படி" என்று மட்டும் சொன்னேன். அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அச்சிப்பியில் உள்ள கால்சியமும் அவன் எலும்பில் உள்ள கால்சியமும் எப்போதோ விண்மீன்களில் உருவானவை என்றேன். "அப்படியானால் இதுவும் நானும் ஒரே இடத்திலிருந்து வந்தோமா மாமா?" என்று கேட்டான். சற்று நேரத்தில் கீழிருந்து பிறை அறிவிப்பு வந்தது; தராவீஹ் தொழுகைக்கு இறங்கினோம். கல் அவன் சட்டைப்பையில் இருந்தது.

தன் படைப்பைக் கண் திறந்து பார்க்கவும், பார்த்ததை நேர்மையுடன் சொல்லவும், அறியாததில் பணிவுடன் நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் மக்களுக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.